தரையிறங்கும் வேகம்: மாணவ விமானிகள் கற்க வேண்டிய முதல் பாடம்

விமானப் பயிற்சியில் சேரும் மாணவருக்கு விமானத்தை மேலே ஏற்றுவது விரைவிலேயே பிடிபட்டு விடுகிறது. நாட்களை எடுத்துக்கொள்வது தரையிறக்கம்தான். ஓடுபாதையைத் தொடும் கடைசி நொடிதான் கடினமானது என்று மாணவர்கள் பலர் நினைக்கிறார்கள். அனுபவமுள்ள பயிற்றுநரைக் கேட்டால் வேறு பதில் சொல்வார். கடைசி நொடியில் தெரியும் கோளாறு பெரும்பாலும் அதற்கு ஒரு நிமிடம் முன்பே, வானத்தில் இருக்கும்போதே தொடங்கியிருக்கும். அந்தக் கோளாறின் பெயர் வேகம்.

இன்று நம் பிள்ளைகளிலும் விமானியாக வேண்டும் என்ற ஆசை கொண்டவர்கள் இருக்கிறார்கள். பயிற்சிக்கு லட்சக்கணக்கில் செலவாகிறது. பிள்ளையை அனுப்பிவிட்டுக் கவலையோடு காத்திருக்கும் பெற்றோரும், வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சென்று வரும் பயணிகளும், விமானி எப்படிப் பயிற்றுவிக்கப்படுகிறார் என்பதை ஓரளவு தெரிந்து வைத்திருப்பது நல்லது. உலகின் பல பயிற்சி நிலையங்களில் பயன்படும் செஸ்னா 172 என்ற நான்கு இருக்கை விமானத்தை எடுத்துக்கொண்டு இந்தப் பாடத்தைப் பார்ப்போம்.

எது சரியான வேகம்?

விமானத்தைத் தாங்குவது இறக்கைகளின் மேலும் கீழும் ஓடும் காற்று. வேகம் குறையக் குறைய, அதே எடையைத் தாங்குவதற்கு இறக்கை காற்றை இன்னும் அதிகக் கோணத்தில் எதிர்கொள்ள வேண்டியிருக்கும். அந்தக் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால் இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்து சிதறுகிறது. இறக்கை தாங்கும் சக்தியைப் பெருமளவு இழக்கிறது. இதை விமானிகள் 'ஸ்டால்' என்பார்கள். இதில் என்ஜின் நிற்பதில்லை. என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், விமானம் மட்டும் கீழே விழும்.

ஆகவே இறங்கி வரும் வேகத்தை ஸ்டால் வேகத்திலிருந்து கணக்கிடுகிறார்கள். தரையிறங்கும் அமைப்பில் உள்ள ஸ்டால் வேகத்தைப் போல் 1.3 மடங்கு என்பது பொது விதி. செஸ்னா 172 எஸ் வகையில் ஃப்ளாப்புகள் முழுவதும் இறக்கப்பட்டு, முழு எடையோடு இருக்கும்போது ஸ்டால் வேகம், பிழை திருத்திய கணக்கில், சுமார் 48 நாட். அதன் 1.3 மடங்கு சுமார் 62 நாட். குறுகிய ஓடுபாதையில் இறங்க இந்த விமானத்தின் கையேடு சொல்லும் வேகம் 61 நாட். வழக்கமான தரையிறக்கத்தில் 60 முதல் 70 நாட் வரை வைத்துக்கொள்ளலாம். பல பயிற்றுநர்கள் 65 நாட்டை மாணவர்களுக்கு இலக்காகக் கொடுக்கிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். வேகமானியில் வெள்ளைப் பட்டை 40 நாட்டில் அல்லவா தொடங்குகிறது? அப்படியானால் 65 என்பது தேவைக்கு மேல் அதிகமில்லையா? இல்லை. மூக்கு மிகவும் உயர்ந்து விமானம் மெதுவாகப் பறக்கும்போது, வேகத்தை அளக்கும் குழாய்க்குள் காற்று நேராக நுழைவதில்லை. அதனால் அந்த நிலையில் கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். 40-க்கும் 65-க்கும் நடுவே பெரிய இடைவெளி இருப்பதுபோல் தோன்றினாலும், உண்மையான பாதுகாப்பு இடைவெளி அதைவிடச் சிறியது. மாணவர் இதை முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும்.

வேகம் குறைந்தால் என்ன ஆகும்?

குறைந்த வேகத்தின் ஆபத்து நேராக இறங்கும்போது இருப்பதைவிட, ஓடுபாதையை நோக்கித் திரும்பும் கடைசித் திருப்பத்தில் அதிகம். விமானம் சாய்ந்து திரும்பும்போது இறக்கைகள் கூடுதல் பாரத்தைச் சுமக்கின்றன. அதனால் ஸ்டால் வேகமும் உயர்கிறது. உயரம் குறையாமல் 30 பாகை சாய்ந்து திரும்பினால் ஸ்டால் வேகம் சுமார் 7 சதவீதம் கூடும். 45 பாகையில் 19 சதவீதம், 60 பாகையில் 41 சதவீதம்.

மாணவர் திருப்பத்தைத் தாமதமாகத் தொடங்கி ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். உடனே திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில் அதிகமாகச் சாய்க்கிறார். அல்லது சாய்க்கப் பயந்து, காலால் ரடரை அழுத்தி மூக்கை மட்டும் திருப்புகிறார். மூக்கு கீழே போவதைப் பார்த்துக் கைப்பிடியைப் பின்னால் இழுக்கிறார். வேகம் குறைகிறது. ஓர் இறக்கை மற்றதற்கு முன்பே ஸ்டால் ஆகிறது. விமானம் சுழன்று விழுகிறது. அப்போது தரைக்கும் விமானத்துக்கும் நடுவே சில நூறு அடிகளே இருக்கும். மீள்வதற்கு அந்த உயரம் போதாது. அதனால்தான், 'கோட்டைத் தாண்டிவிட்டால் வளைத்துப் பிடிக்காதே, மேலே எழும்பி மறுபடியும் வா' என்று திரும்பத் திரும்பச் சொல்லித் தருகிறார்கள்.

வேகம் கூடினால் என்ன ஆகும்?

இதைக் கேட்கும் மாணவர், 'அப்படியானால் பத்து நாட் கூட்டியே வருகிறேன், அது பாதுகாப்புதானே' என்று நினைப்பது இயல்பு. பயத்தில் கூட்டும் இந்தப் பத்து நாட் வேறொரு ஆபத்தைக் கொண்டு வருகிறது.

ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 65 நாட்டுக்குப் பதில் 75 நாட்டில் வந்தால் வேகம் 15 சதவீதமே அதிகம். ஆனால் விமானம் சுமந்து வரும் ஆற்றல் 33 சதவீதம் அதிகம். அந்த ஆற்றல் எங்காவது தீர வேண்டும். ஓடுபாதைக்குச் சில அடி உயரத்தில் மாணவர் மூக்கைத் தூக்கும்போது விமானம் இறங்க மறுத்து மிதந்துகொண்டே போகிறது. ஓடுபாதை கண்ணெதிரே தீர்ந்துகொண்டிருக்கும்.

பொறுமை இழக்கும் மாணவர் கைப்பிடியை முன்னால் தள்ளி விமானத்தைத் தரையில் அழுத்தப் பார்க்கிறார். பின் சக்கரங்கள் தொடுவதற்கு முன் முன் சக்கரம் தொடுகிறது. விமானம் துள்ளுகிறது. அவர் மீண்டும் தள்ளுகிறார், அது இன்னும் பலமாகத் துள்ளுகிறது. இப்படி இரண்டு மூன்று முறை துள்ளினால் முன் சக்கரத் தண்டு உடையலாம், புரொப்பெல்லர் தரையில் மோதலாம். பயிற்சி விமானங்கள் பழுதாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வேகத்தைப் பிடித்திருப்பது எது?

காரோட்டிப் பழகிய மாணவர் வேகம் குறைந்தால் ஆக்ஸிலரேட்டரைத் தேடுவார். விமானத்தில் விஷயம் சற்று வேறு. த்ரோட்டிலைத் தொடாமல் மூக்கை மட்டும் கொஞ்சம் தாழ்த்தினால் வேகம் கூடும், உயர்த்தினால் குறையும். கைப்பிடியை அசைக்காமல் த்ரோட்டிலை மட்டும் கூட்டினால், ட்ரிம் செய்யப்பட்ட சிறு விமானம் ஏறக்குறைய அதே வேகத்தில் இருந்துகொண்டு, இறங்குவதை மெதுவாக்கும் அல்லது மேலே ஏறும்.

இதை வைத்துத்தான், 'மூக்கால் வேகம், த்ரோட்டிலால் உயரம்' என்ற பாடம் பல தலைமுறைகளாகச் சொல்லப்படுகிறது. வுல்ஃப்காங் லாங்கவீஷ் 1944-இல் வெளியிட்ட 'ஸ்டிக் அண்ட் ரடர்' என்ற நூல் இந்தக் கருத்தைப் பரவலாக்கிய நூல்களில் ஒன்று. ஜெட் விமானப் பின்னணியிலிருந்து வரும் பயிற்றுநர்கள் சிலர் இதையே மாற்றி, 'மூக்கால் பாதை, த்ரோட்டிலால் வேகம்' என்று கற்பிக்கிறார்கள். இரு தரப்புக்கும் இடையே நீண்ட விவாதம் உண்டு.

உண்மையில் இரண்டும் ஒரே செயலின் இரு பக்கங்கள். உயரமும் வேகமும் விமானத்தின் கையில் உள்ள இரண்டு சேமிப்புகள் போன்றவை. மூக்கை அசைப்பது ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் போடுவது. த்ரோட்டில் புதிதாக வரவு வைப்பது. உயரமும் அதிகம், வேகமும் அதிகம் என்றால் த்ரோட்டிலைக் குறைக்க வேண்டும். இரண்டும் குறைவு என்றால் தயங்காமல் கூட்ட வேண்டும். உயரம் அதிகம், வேகம் குறைவு என்றால் மூக்கைத் தாழ்த்தினாலே இரண்டும் சரியாகிவிடும். மாணவருக்கு முதலில் ஒரு முறையைத் தெளிவாகக் கற்றுக்கொடுத்து, பிறகு இந்தக் கணக்கைப் புரிய வைக்கும் பயிற்றுநரிடம் குழப்பம் வருவதில்லை. வாரத்துக்கு ஒரு பயிற்றுநர், ஆளுக்கு ஒரு விதி என்று மாறிக்கொண்டே இருந்தால்தான் மாணவர் தடுமாறுகிறார்.

ஊசியைத் துரத்தும் பழக்கம்

புதிய மாணவர்கள் எல்லோரிடமும் காணப்படும் தவறு ஒன்று உண்டு. வேகமானியின் ஊசி 70-ஐக் காட்டுகிறது. மாணவர் மூக்கைத் தூக்குகிறார். ஊசி உடனே அசைவதில்லை. இன்னும் தூக்குகிறார். சில நொடிகள் கழித்து ஊசி 65-ஐக் கடந்து 58-க்குப் போகிறது. பதறிப்போய் மூக்கைத் தள்ளுகிறார். அது 72-க்குப் போகிறது. விமானம் ஊஞ்சலாடுகிறது, மாணவர் ஊசியையே பார்த்துக்கொண்டிருக்கிறார், வெளியே ஓடுபாதை எங்கே இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை.

காரணம் எளிது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள விமானம் தன் வேகத்தை மாற்றிக்கொள்ள நேரம் எடுக்கும். மூக்கின் நிலை இப்போது மாறுகிறது, அதன் விளைவு சில நொடிகள் கழித்துத்தான் வேகமானியில் தெரிகிறது. நடந்து முடிந்ததைச் சொல்லும் ஊசியைத் துரத்துபவர் எப்போதும் பின்தங்கியே இருப்பார்.

நல்ல பயிற்றுநர் கற்றுத் தரும் முறை

முதலாவது, பாடம் ஓடுபாதைக்கு அருகில் தொடங்குவதில்லை. மூவாயிரம் அடி போன்ற பாதுகாப்பான உயரத்தில், ஃப்ளாப்புகளை இறக்கி, த்ரோட்டிலைக் குறைத்து, 65 நாட்டில் இறங்கிக் காட்டுகிறார். அப்போது தொடுவானம் கண்ணாடியின் எந்த இடத்தில் தெரிகிறது என்பதை மாணவர் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். அந்தக் காட்சிதான் 65 நாட். ஸ்டால் எப்படி வருகிறது, அதன் எச்சரிக்கை ஒலியும் அதிர்வும் எப்படி இருக்கும், அதிலிருந்து எப்படி மீள்வது என்பதையும் அங்கேயே பழக்குகிறார்.

இரண்டாவது, ட்ரிம். கைப்பிடியில் நாம் கொடுக்கும் அழுத்தத்தை விமானமே ஏற்றுக்கொள்ளும்படி செய்யும் சிறு சக்கரம் இது. 65 நாட்டுக்கு ட்ரிம் செய்துவிட்டால், கையை எடுத்தாலும் விமானம் அந்த வேகத்தையே நாடும். கைப்பிடியை இறுகப் பிடித்திருக்கும் மாணவருக்கு விமானம் சொல்வது கேட்காது. இரண்டு விரல்களால் மட்டும் பிடிக்கச் சொல்லும் பயிற்றுநர்கள் உண்டு.

மூன்றாவது, ஒழுங்கான வரிசை. ஓடுபாதைக்கு இணையாகப் பறந்து வரும்போது, இறங்கும் முனைக்கு நேராக வந்ததும் த்ரோட்டிலைச் சுமார் 1500 சுழற்சிக்குக் குறைத்து முதல் ஃப்ளாப்பை இறக்குகிறார்கள். திரும்பியதும் இரண்டாவது ஃப்ளாப், வேகம் 70 நாட்டை ஒட்டி. ஓடுபாதைக்கு நேராக வந்ததும் கடைசி ஃப்ளாப், வேகம் 65. எண்கள் பயிற்சி நிலையத்துக்கு நிலையம் சற்று மாறலாம். ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையாகச் செய்தால், மாற்றம் வந்தவுடன் மாணவரின் கண்ணில் பட்டுவிடும்.

நான்காவது, இறங்கும் புள்ளி. ஓடுபாதையில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு அதையே பார்க்க வேண்டும். கண்ணாடியில் அது அசையாமல் நின்றால் விமானம் அங்கே போய்ச் சேரும். மேலே நகர்ந்தால் நாம் அதற்கு முன்பே இறங்கிவிடுவோம். கீழே நகர்ந்தால் தாண்டிப் போவோம். வழக்கமான 3 பாகைச் சரிவில் இறங்க, தரையைப் பொறுத்த வேகத்தை ஐந்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்பது கிடைக்கும். 65 நாட் என்றால் சுமார் 325 அடி.

ஐந்தாவது, கண்ணின் ஓட்டம். புள்ளி, வேகம், புள்ளி, வேகம் என்று பார்வை போய் வர வேண்டும். வேகமானியில் ஒரு கணத்துக்கு மேல் நிற்கக் கூடாது. மாணவர் ஊசியிலேயே ஒட்டிக்கொண்டால், சில பயிற்றுநர்கள் வேகமானியைச் சிறிது நேரம் அட்டையால் மூடிவிட்டு, வெளிக்காட்சியையும் காற்றின் ஒலியையும் வைத்தே இறங்கி வரச் சொல்கிறார்கள். தன்னால் முடிகிறது என்று கண்டதும் மாணவரின் பயம் தணிகிறது.

காற்று செய்யும் குழப்பம்

வேகமானி காட்டுவது காற்றைப் பொறுத்த வேகம். கண்ணுக்குத் தெரிவது தரையைப் பொறுத்த வேகம். பின்னாலிருந்து காற்று வீசினால் தரை வேகமாக ஓடுவதுபோல் தெரியும். மாணவர் தன்னையறியாமல் வேகத்தைக் குறைத்து விடுவார். இங்கே நம்ப வேண்டியது கருவியைத்தான்.

காற்று விட்டுவிட்டு வேகமாக அடிக்கும் நாட்களில், அடிக்கும் வேகத்துக்கும் சாதாரண வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைக் கூட்டிக்கொள்வது வழக்கம். காற்று 12 நாட், அவ்வப்போது 20 நாட் என்றால் வித்தியாசம் 8. அதில் பாதி 4. ஆக 65-க்குப் பதில் 69. கணக்கிட்டுக் கூட்டும் நான்கு நாட் பாதுகாப்பு. பயந்து கூட்டும் பதினைந்து நாட் ஆபத்து.

திரும்ப எழும்புவது தோல்வி அல்ல

வேகமோ உயரமோ சரியில்லை என்றால் தரையிறங்குவதைக் கைவிட்டு மேலே எழும்ப வேண்டும். இதை 'கோ அரவுண்ட்' என்கிறார்கள். பல பயிற்சி நிலையங்கள் ஓர் எல்லையை வைத்திருக்கின்றன. குறிப்பிட்ட உயரத்துக்கு வரும்போது வேகமும் சரிவும் நேர்கோடும் அமைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் எழும்ப வேண்டும். அமெரிக்காவில் தனியார் விமானி உரிமத் தேர்வில், இறங்கும் வேகம் இலக்கைவிட 10 நாட் கூடவோ 5 நாட் குறையவோ மட்டுமே இடமுண்டு. வணிக விமானி உரிமத்தில் இரு பக்கமும் 5 நாட்தான்.

எழும்புவதற்கும் பயிற்சி வேண்டும். இறங்குவதற்காக ட்ரிம் செய்யப்பட்ட விமானத்தில் த்ரோட்டிலை முழுவதும் தள்ளினால் மூக்கு தானாக மேலே எகிறும். மாணவர் அதை உறுதியாக அழுத்திப் பிடிக்காவிட்டால் தரைக்கு அருகிலேயே ஸ்டால் ஆகும் அபாயம் உண்டு. முழு சக்தி, மூக்கைப் பிடி, ஃப்ளாப்புகளைப் படிப்படியாக ஏற்று என்ற வரிசை கையில் பதியும்வரை பழக வேண்டும்.

பெரிய விமானங்களிலும் இதே பாடம்

இது சிறு விமானத்தோடு முடிந்துவிடும் பாடம் என்று எண்ணக் கூடாது. 2013 ஜூலை 6 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் தெளிவான வானிலையில் ஏசியானா நிறுவனத்தின் போயிங் 777 விமானம் கடற்சுவரில் மோதி உடைந்தது. விமானத்தை ஓட்டியவர் அந்த வகை விமானத்துக்குப் புதிதாகப் பயிற்சி பெற்று வந்தவர். அருகில் பயிற்றுநர் அமர்ந்திருந்தார். இலக்கு வேகம் 137 நாட். தானியங்கி த்ரோட்டில் வேகத்தைக் காக்கும் என்று எண்ணியிருந்தார்கள். அது அப்போது இருந்த நிலையில் வேகத்தைக் காக்கவில்லை. எழும்ப முயன்றபோது காலம் கடந்துவிட்டது. வேகம் 103 நாட் அளவுக்கு விழுந்திருந்தது. 307 பேரில் 3 பேர் உயிரிழந்தார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமானது மங்களூர். 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் அளவுக்கு மீறிய உயரத்திலும் வேகத்திலும் இறங்கி வந்தது. 8,033 அடி ஓடுபாதையில் சுமார் 5,200 அடி தாண்டிய பிறகே தரையைத் தொட்டது. எழும்பிவிடுமாறு துணை விமானி சொல்லியும் கேப்டன் இறக்கினார். மேட்டு நிலத்து ஓடுபாதையின் முனையைக் கடந்து பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் உயிரிழந்தார்கள். ஊருக்குத் திரும்பிய உழைப்பாளிகளும் குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள்.

ஒன்றில் வேகம் குறைந்தது, மற்றொன்றில் கூடியது. இரண்டிலும் சரியில்லை என்று தெரிந்துகொள்ளவும் எழும்பிவிடவும் நேரம் இருந்தது.

பெற்றோர்களுக்கு

பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் கட்டணத்தையும் விடுதியையும் மட்டும் விசாரித்துவிட்டு வந்துவிடக் கூடாது. ஒரு மாணவருக்குத் தொடர்ந்து ஒரே பயிற்றுநர் கிடைப்பாரா, தரையிறக்கத்துக்கு முன் உயரத்தில் வேகப் பயிற்சி தருகிறார்களா, எந்த உயரத்தில் எழும்ப வேண்டும் என்ற எழுதப்பட்ட விதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

பிள்ளை தொலைபேசியில், 'இன்று மூன்று முறை இறங்காமல் எழும்பிவிட்டேன்' என்று சோர்வோடு சொன்னால் கடிந்துகொள்ள வேண்டாம். கூட ஒரு மணி நேரப் பயிற்சிக்குப் பணம் போனாலும் பரவாயில்லை. 'சரியாகத்தான் செய்திருக்கிறாய்' என்று சொல்லுங்கள். பின்னாளில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு இறங்கி வரும்போதும், சரியில்லை என்றால் எழும்பிவிடும் துணிவு இந்தப் பயிற்சி நாட்களில்தான் அவனுக்குள் ஊன்ற வேண்டும்.